இழுக்காமல் பிடித்த கம்பா

வலது தோள்பட்டையில் எனக்கு ஒரு வலி இருக்கிறது. மூன்று வருஷமாகப் போகவில்லை. மழைக்குக் கூடும். கையைத் தலைக்கு மேலே தூக்கினால் எலும்புப் பொருத்துக்குள் மணலைப் போட்டு அரைப்பது போல இருக்கும். பதினாறு வயசிலிருந்து கரமடி இழுக்கிறவன் நான். வலி எனக்குப் புதிதில்லை. இழுத்த வலி, ராத்திரி சோறு தின்று படுத்தால் காலையில் பாதி போய்விடும். இது இழுத்த வலி இல்லை. இழுக்காமல் பிடித்துக்கொண்டு நின்ற வலி.

கரமடி என்றால் கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை. நடுவில் மடி. ஒரு வீடு கொள்ளும் அளவுக்குப் பெரிய பை, சின்னச் சின்னக் கண்ணி. அதற்கு இரண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி நீளமான வலை. கையின் நுனியில் கட்டிய வடத்தைக் கம்பா என்போம். வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இந்தப் பக்கம் பதினேழு பேர், அந்தப் பக்கம் பதினேழு பேர் நின்று கம்பாவை இழுத்தால் மடி மீனோடு கரைக்கு வரும்.

எங்கள் பாறையடித்துறையில் கடைசியாக இருந்த கரமடி செசிலியுடையது. முட்டத்திலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம் எங்கள் துறை. செசிலியின் புருஷன் யோவான் மஞ்சள்காமாலையில் போனான். அவன் விட்டுப்போன வலையைச் சுனாமி கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு வள்ளம் கொடுத்தார்கள், எஞ்சின் கொடுத்தார்கள், நைலான் வலை கொடுத்தார்கள். கரமடி என்று ஒரு இனம் எந்தப் பட்டியலிலும் இல்லை. செசிலி யாரிடமும் போய் நிற்கவில்லை. பகலில் தலைச்சுமையாக மீன் விற்றாள். மற்ற நேரமெல்லாம் அவளும் மகள் பிரிஜாவும் வாசலில் உட்கார்ந்து நூலில் முடிச்சுப் போட்டு வலை முடிந்தார்கள். பதினாலு மாதம். முடிந்து தீர்ந்த அன்றைக்கு அந்த மடியைக் கடற்கரையில் விரித்துப் போட்டபோது நான் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை நடந்து பார்த்தேன். ஒரு கண்ணி தப்பு இல்லை.

2011 ஆடி மாதம். ஒரு சரக்குக் கப்பல் வெளிக்கடலில் ஓட்டை விழுந்து நின்றது. அதன் எஞ்சினில் எரிக்கிற எண்ணெய், தார் போன்ற கறுப்பு எண்ணெய், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் திட்டுத் திட்டாகக் கரைப்பக்கம் வந்துகொண்டிருந்தது. சாயந்திரம் பாறையில் ஏறி எல்லோரும் பார்த்தோம். நாற்றம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

எங்களுக்குப் பயம் கடலைப் பற்றி இல்லை. கடல் பெரிசு, அதன் பாட்டை அது பார்த்துக்கொள்ளும். பயம் பொழியைப் பற்றி. ஆறு கடலில் சேருகிற வாய்க்குப் பொழி என்று பேர். ஆடியில் கடல் கொந்தளித்து வள்ளம் இறக்க முடியாத இரண்டு மாதமும் அறுபத்துநாலு வீட்டு அடுப்பு எரிவது பொழிக்குள் கிடைக்கும் மடவையாலும் இறாலாலும் நண்டாலும்தான். எண்ணெய் உள்ளே ஏறிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டால் அந்த வருஷம் மட்டுமில்லை, எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் விடியும்போதே நாகர்கோவிலிலிருந்து குமாரதாஸ் என்று ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்தார். எந்த ஆபீஸ் என்று சொன்னார், எனக்கு மறந்துவிட்டது. நல்ல மனுஷன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆள். ரப்பர் மிதவை வேலியும் எண்ணெய் உறிஞ்சுகிற மெஷினும் கொச்சியிலிருந்து லாரியில் வருகின்றன, நாளை மத்தியானம் ஆகும் என்றார்.

"வெள்ளம் இன்னைக்கு ஒம்பதரைக்கு ஏறத் தொடங்கும் சாரே" என்றேன் நான். தண்ணீருக்கு எங்கள் பேச்சில் வெள்ளம் என்று பேர், நான் சொன்னது கடலேற்றத்தை.

"தெரியும்" என்றார். முகம் வாடித்தான் இருந்தது.

மரியஜானுக்குச் சும்மா இருக்க வராது. கம்பா இழுக்கும்போதும் வாய் ஓடிக்கொண்டே இருக்கும். "மருந்து தெளிச்சா எண்ணெய் போயிரும்னு டிவில காட்டுனானே?"

"ஆழக்கடல்ல தெளிக்கலாம். எண்ணெய் பொடிப்பொடியா உடைஞ்சு கீழ போயிரும். இஞ்ச இடுப்பளவு வெள்ளம். கீழ போனா எங்க போகும்? ஒங்க இறாலு வயித்துக்குத்தான் போகும்" என்றார் ஆபீசர்.

"செரி, கொளுத்தி விட்டா?"

"ஒம்ம வீடு எங்க இருக்கு?"

மரியஜான் கையைக் காட்டினான். காற்று நேராக அந்தப் பக்கம்தான் அடித்தது. ஓலைக் கூரை சடசடத்தது. "கொளுத்தாண்டாம் சாரே" என்றான்.

ஜேசிபி கொண்டுவந்து பொழியை மணலால் மூடிவிடலாமா என்று ஆபீசர் கேட்டார். அதற்குப் பதில் சொன்னது வைகுண்டராஜன். ஆற்றுக்கு மேல்பக்கம் வயல் வைத்திருப்பவர். நெற்றியில் நாமமும் தலைப்பாகையுமாக மோட்டார் சைக்கிளில் வந்து நின்றிருந்தார். "மலையில நாலு நாளா மழை. ஆறு பெருகி வருது. வாயை மூடினா ஒரு மணி நேரத்துல எம் வயலும் போவும், இவங்க கிழக்குத் தெருவுல அடுப்புக்குள்ள மீனும் நீந்தும்."

அப்போதுதான் செசிலி பெண்கள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"அந்த வேலி எப்பிடி சாரே இருக்கும்?"

ஆபீசர் ஒரு குச்சியை எடுத்து மணலில் வரைந்தார். மேலே வரிசையாக மிதப்பு. அதிலிருந்து கீழே பாவாடை மாதிரி தொங்குகிற கெட்டித்துணி. அடியில் கனத்துக்குச் சங்கிலி. எண்ணெய் தண்ணீரின் மேல் மிதப்பதால் இந்தப் பாவாடையில் முட்டி நிற்கும், வெள்ளம் அடியால் போகும் என்றார்.

செசிலி அதையே பார்த்தாள். "மேல மிதப்பு. கீழ கனம். நடுவுல கண்ணிக்குப் பதிலா துணி." பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "எங்கிட்ட ஒண்ணு கெடக்கு."

அவளிடம் கேட்க யாருக்கும் நாக்கு எழும்பியிருக்காது. அதனால்தான் அவளே சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு நடந்த வேலையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வைகுண்டராஜன் மூன்று டெம்போ வைக்கோல் கொண்டுவந்து இறக்கினார். "அண்ணாச்சி, ஒம்ம மாடு இனி என்னத்தத் திங்கும்?" என்று மரியஜான் கேட்டான். "நீ மீன் திங்கணும்னு எம் மாடு பட்டினி கெடக்கு. குழம்பு வைக்கும்போ அத நெனச்சுக்கோ" என்றார் அவர். தேங்காய்த் தும்பும் வைக்கோலும் சேர்த்துத் தலையணை மாதிரி உருட்டி மிதப்புக் கயிறு நெடுகக் கட்டினோம். எண்ணெய் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே வலை மேல் உரச்சாக்குகளைப் பிரித்துப் பெண்கள் தைத்தார்கள். வலை முடிகிற ஊசி ஐம்பது ஒரே நேரத்தில் ஓடியது. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. தையல் பிந்துகிற இடத்துக்கு ஆள் தானாகப் போயிற்று.

தண்ணீரில் இறங்குமுன் எல்லோரும் கையிலும் காலிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டோம். தார் தோலில் பிடிக்காது. ஆபீசர் முதலில் சிரித்தார், பிறகு அவரும் பேன்ட்டை மடக்கி விட்டுக்கொண்டு பூசினார்.

ஒன்பது மணிக்கு வள்ளத்தில் ஏற்றி வலையைப் பொழிக்குக் குறுக்கே போட்டோம். மேற்கே பாறையில் ஒரு நுனியைக் கட்டினோம். கிழக்கே மணல்கரையில் முளை அடித்துக் கட்டினோம். வெள்ளம் ஏறத் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் முளை பிடுங்கிக்கொண்டு போயிற்று. கிழக்கே நின்ற நாங்கள் பதினேழு பேர் பாய்ந்து கம்பாவைப் பிடித்தோம்.

அங்கேதான் தப்பு நடந்தது. வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான். நாங்கள்தான் செய்வோம். கம்பா கைக்கு வந்ததும் இழுத்தோம்.

அது எங்கள் கைக்குள் இருக்கிற பழக்கம். அப்பன் காலத்திலிருந்து கம்பா என்றால் இழுக்கிறது. போதாததற்கு நடுவிலே மடி வெள்ளத்தை வாங்கிப் பானை வயிறு மாதிரி உப்பி எங்களைப் பொழிக்குள் இழுத்தது. அது இழுக்க இழுக்க நாங்கள் எதிர்த்து இழுத்தோம். மரியஜான் வலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பா பாட்டையே எடுத்துவிட்டான். வந்தது கறுப்பு. முதல் திட்டு வலையில் வந்து முட்டியது, நின்றது, நாங்கள் சந்தோஷத்தில் கூவினோம். இன்னும் பலமாக இழுத்தோம். அப்புறம் வலைக்கு உள்பக்கத்தில், எங்கள் வீடுகள் இருக்கிற பக்கத்தில், ஒரு கறுப்புக் குமிழி எழும்பி விரிந்தது. அடுத்தது ஒன்று. அப்புறம் பத்து.

"இழுக்காதிங்கலே!"

செசிலி நெஞ்சளவு வெள்ளத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கினாள் என்று தெரியாது. "இழுக்காதிங்க! நீங்க இழுக்க இழுக்க அது அடியால பெரண்டு போவுது. பாசியப் பாருங்க, பாசி எப்பிடிப் போவுதுன்னு!"

பார்த்தேன். மிதந்து வந்த பாசி வலையில் தொட்டதும் தலைகுப்புற மூழ்கி அந்தப் பக்கம் எழும்பியது. எண்ணெயும் அதே வழியில் போயிற்று.

"இழுக்கலைன்னா மடி நம்மள இழுத்துட்டுப் போவுமே செசிலி!" என்று கத்தினேன்.

அவள் மடி உப்பி நின்ற இடத்தைப் பார்த்தாள். அது என்ன யோசனை என்று எனக்குத் தெரியும், கரையில் நின்ற பிரிஜாவுக்கும் தெரியும். மடியை வெட்டி விரித்தால் வெள்ளம் பிடிக்காது. பையாக இருப்பது சுவராக ஆகும். பிறகு அது ஒருநாளும் மடியாக ஆகாது.

அந்த நிமிஷத்தில்தான் நான் வாய் திறந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. "வெட்டு செசிலி! ஊரு முடிஞ்சு தரும். வீட்டுக்கு அஞ்சு பாகம். மாதாக் கோயில பாத்துச் சொல்லுதேன்." கையிரண்டையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். அஞ்சு பாகம் ஒரு வீட்டுக்குப் பெரிசில்லை. கம்பாவில் நின்ற அத்தனை பேரும் "ஆமா, அஞ்சு பாகம்!" என்று சொன்னார்கள். கரையில் நின்ற பெண்களும் சொன்னார்கள். மரியஜான் மட்டும் "நான் ஆறு!" என்று கத்தினான்.

செசிலி எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நாங்கள் சொல்லாவிட்டாலும் வெட்டியிருப்பாள். "ஏலே, அந்த சிப்பிக் கத்தியத் தா" என்று வள்ளத்தில் நின்றவனிடம் கை நீட்டினாள்.

வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மடியின் அடிவயிற்றில் கத்தியை வைத்தாள். அவள் முடிந்த முடிச்சு அவள் கத்திக்கே லேசில் இடம் கொடுக்கவில்லை. ஒரு கண்ணி, இன்னொரு கண்ணி என்று அறுத்தாள். பிரிஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாதி வெட்டியதும் மிச்சத்தை வெள்ளமே கிழித்தது. கம்பாவில் பிடி சட்டென்று தளர்ந்து நாங்கள் பதினேழு பேரும் மணலில் மல்லாந்து விழுந்தோம்.

எழுந்து பார்த்தபோது அவள் அடுத்த வேலைக்குப் போயிருந்தாள். "மேக்க உள்ள நுனிய அவுருங்க. அம்பது அடி உள்ள கொண்டு போய்க் கல்லுமூலையில கெட்டுங்க."

கல்லுமூலை என்பது பாறை வளைந்து தண்ணீர் அசையாமல் கிடக்கிற இடம். பிள்ளைகள் நீச்சல் படிக்கிற இடம்.

"கோணலாப் போயிருமே அக்கா" என்றான் மரியஜான்.

"கோணலாத்தான் இருக்கணும். நேரா நின்னா முட்டி அடியில போவுது. சாஞ்சு நின்னா வழுகிக்கிட்டே போயி மூலையில கெடக்கும். அங்க வச்சுக் கோரணும்."

ஆபீசர் முழங்கால் தண்ணீரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இதுக்குப் புஸ்தகத்துல ஒரு கணக்கே இருக்கும்மா" என்றார். "நீரோட்டம் இத்தனை வேகம்னா வேலிய இத்தனை சரிச்சுப் போடணும்னு. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"கணக்கு தெரியாது சாரே. பாசி போற வழியப் பாத்தேன். நீங்க அந்த டின்ன எடுங்க."

ஆபீசர் டின்னை எடுத்தார்.

எங்களுக்கு அவள் இட்ட வேலை: பிடி, இழுக்காதே. அலை வந்து தூக்கும்போது ஒரு சாண் விட வேண்டும். அலை இறங்கும்போது அதே சாணை வாங்க வேண்டும். அதற்கு மேலே ஒரு விரல்கடை இழுக்கக் கூடாது. "இழுக்காம கம்பாவப் பிடிச்சுட்டு நிக்கதுக்கு இது என்ன சிலுவைப்பாதையா?" என்று மரியஜான் முனகினான். சொல்லிவிட்டு அவனும் நின்றான். பின்னால் நின்றவர்கள் ஆள் மாறி ஆள் கஞ்சி குடித்து வந்தார்கள். முதல் ஆள் நான். முதல் ஆள் மாறினால் கை நிதானம் மாறும் என்று செசிலி என்னை விடவில்லை. பிரிஜா ஒரு தடவை வந்து கஞ்சியை என் வாயில் ஊற்றிவிட்டுப் போனாள்.

ஒரு மணி நேரத்தில் தோள் எரிந்தது. இரண்டு மணி நேரத்தில் மரத்தது. அதற்கு மேலே தோள் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஆனால் கண் முன்னால் நடந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றால் விடத் தோன்றாது. கறுப்பு வந்து வலையில் சாய்ந்தது. ஒரு நிமிஷம் யோசிக்கிற மாதிரி நின்றது. பிறகு வலை நெடுக மெதுவாக வழுகிக் கல்லுமூலைக்குப் போயிற்று. திட்டுக்குப் பின்னால் திட்டு, ஆட்டுமந்தை பட்டிக்குள் போவது போல. மூலையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மீன் விற்கிற அலுமினியச் சட்டி, டின், வாளி. கோரிக் கோரிக் கைமாற்றினார்கள். மேட்டில் தார்ப்பாய் விரித்த குழியில் கொட்டினார்கள். வைக்கோல் கறுத்து ஊறிய இடத்தில் அதை அவிழ்த்துப் புது வைக்கோல் கட்டினார்கள். வலையில் முட்டிய ஒரு கடற்காக்கையைப் பிடித்து யாரோ சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அது கையைக் கொத்திவிட்டுப் பறந்தது. நன்றி கெட்டது என்று திட்டினார்கள், சிரித்துக்கொண்டே.

மூன்றரை மணிக்கு வெள்ளம் நின்றது. கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் போகாமல் கிடந்தது. பிறகு ஆறு கடலைத் தள்ளத் தொடங்கியது. கம்பாவை விடச் சொன்னார்கள். விரல்கள் விரியவில்லை. செசிலிதான் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். அவள் கை முழுக்கத் தார்.

"விட்டுரு ஜேசுதாஸ். போதும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் லாரி வந்தது. மஞ்சள் நிறத்தில் ரப்பர் வேலி, காற்றடித்து மிதக்க விடுவது. அதில் வந்த என்ஜினீயர்கள் பொழியைச் சுற்றிப் பார்த்தார்கள். வேலியை நாங்கள் போட்டிருந்த அதே சாய்வில், கல்லுமூலை நோக்கியே போட்டார்கள். ஒரு மெஷினை இறக்கினார்கள். தட்டுத் தட்டாகச் சுழன்று தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் நக்கி எடுக்கிற மெஷின். ஊரே வேடிக்கை பார்த்தது. நாங்கள் நூறு பேர் கோரிய கோரலை அது மூச்சு வாங்காமல் செய்தது. அந்த மெஷினை உண்டாக்கினவன் கெட்டிக்காரன்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வந்தவர்கள் ஏழு நாள் எங்களோடு சேற்றில் நின்று வேலை பார்த்தார்கள். பாறையில் ஒட்டியதைச் சுரண்டினார்கள், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவப் போனவர்களைத் தடுத்தார்கள்.

"இது இல்லாம நேத்து என்ன செஞ்சீங்க?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். ஆபீசர் செசிலியைக் காட்டினார். என்ஜினீயர் அவள் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். செசிலிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சாயா குடிச்சிங்களா?" என்று கேட்டாள்.

நாங்கள் இழுத்த அந்தக் கால்மணி நேரத்தில் உள்ளே போன எண்ணெய் கிழக்குக் கரையில் ஒரு கறுப்புக் கோடாக இரண்டு வருஷம் கிடந்தது. அவ்வளவுதான் நஷ்டம். அந்த ஆடியிலேயே பதினைந்து நாள் கழித்து மடவை பிடித்தோம். ஆபீசர் ஒரு மீனை வாங்கிக் கொண்டுபோய்ப் பரிசோதித்து, தின்னலாம் என்று போன் பண்ணினார். அறுபத்துநாலு வீட்டிலும் அன்றைக்கு மீன்குழம்பு.

செசிலியின் வலை திரும்பி வரவில்லை. எண்ணெயில் ஊறிய வைக்கோலோடும் சாக்கோடும் அதையும் லாரியில் ஏற்றினார்கள். விஷக்குப்பை, எங்கோ கொண்டுபோய் எரிப்பார்களாம். செசிலி டயருக்குப் பக்கத்தில் நின்று, தொங்கிக்கொண்டிருந்த வலையின் ஒரு கையை மேலே தூக்கிப் போட்டாள், ரோட்டில் இழுபடாமல் இருக்க.

இன்றைக்கும் அவள் தலைச்சுமையாக மீன் விற்கிறாள். முட்டத்தில் வாங்கி ஊர் ஊராக நடக்கிறாள். நாங்கள் முப்பத்துநாலு பேரும் வேறு வேறு வள்ளத்துக்குப் போய்விட்டோம்.

வீட்டுக்கு அஞ்சு பாகம் என்று சொன்னோமே, அதில் நாற்பத்தொரு வீடு கொடுத்துவிட்டது. வைகுண்டராஜனுக்கு வலை முடியத் தெரியாது. மகளை விட்டுக் குழித்துறைச் சந்தையில் நூல் வாங்கி அனுப்பினார், அறுபத்துநாலு வீட்டுக் கணக்கில் இல்லாத ஆள். மரியஜான் சொன்ன வாக்குத் தவறாமல் ஆறு பாகம் முடிந்து கொண்டுபோய்ப் போட்டான், போட்டுவிட்டு என் வீட்டு வழியாகத்தான் திரும்பினான். "ஒம்மது எப்ப அண்ணே?" என்று கேட்டான்.

தோள் வலி என்றேன். எல்லோரிடமும் அதையே சொல்கிறேன். வலை முடியத் தோள் வேண்டாம், விரல் போதும். அந்த விரல்களைப் பிரித்துவிட்டவள் அவள்தான். தெருவில் என்னைப் பார்த்தால் செசிலி கேட்பது தோளைப் பற்றித்தான். வலையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

நூல் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். முதல் கண்ணி இன்னும் போடவில்லை. செசிலிக்கு நான் அஞ்சு பாகம் வலை கடன்.